பார்வையாளர் 3118

கம்பெனிக்கு வெளியே மனிதப் பிறவி ஒன்றுகூட ‘ஏழாம் வளையம்: அடித்தளம்’ தொடரின் முதல் அத்தியாயத்தை இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் நாலாயிரம் பார்வையாளர் கருத்துகள் வந்து குவிந்துவிட்டன. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்குப் புல்லரித்திருந்தது. புல்லரிக்க அவர்களில் ஒருவருக்கும் தோல் கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தப் புல்லரிப்புகளை வகை பிரிப்பதுதான் இசக்கியம்மாளுக்கு வேலை. பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி, கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘கருத்து ஆய்வாளர்’ என்று பதவி. சொந்த ஊர் கடையத்தில் யாராவது கேட்டால் அவள் அம்மா, “மவ கம்ப்யூட்டர்ல இருக்கா” என்று முடித்துக்கொள்வாள். இசக்கியும் திருத்தியதில்லை. இல்லாத ஆட்கள் பாராட்டியதைப் படித்துச் சரிபார்க்கிறேன் என்று பீடி சுற்றும் அம்மாவிடம் சொன்னால், அதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்பாள்.

இல்லாத ஆட்களுக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் நிழல்கள். ஒருவர் பல வருடங்களாக எழுதித் தள்ளிய கருத்து, கிண்டல், கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நிரலுக்குத் தின்னக் கொடுத்தால், அது அவர் மாதிரியே பேசக் கற்றுக்கொள்ளும். அப்புறம் புதுப் படம் எதைக் காட்டினாலும் அவர் என்ன சொல்வாரோ அதைச் சொல்லும். உடம்போடு நடமாடும் அசல் ஆளுக்குப் பெயர் மூலவர். கருவறையில் இருப்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று இந்தக் கம்பெனியில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், இங்கே மூலவரைக் கும்பிடுவார் இல்லை. கும்பிடு எல்லாம் நிழலுக்குத்தான்.

நிழல்கள் ரெண்டு நிமிடத்தில் ஒரு அத்தியாயத்தைப் பார்த்து முடித்துவிடும். அவை சொன்னதைத் தொடர் வெளிவருவதற்கு முன்பே ‘பார்வையாளர் கருத்துகள்’ என்று பக்கத்தில் போட்டுவிடுவார்கள். நிஜ ஜனங்கள் அதைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு, படித்ததையே தங்கள் கருத்தாக எழுதுவார்கள். எல்லாருக்கும் வேலை மிச்சம்.

ஆரம்பத்தில் பன்னிரண்டாயிரம் நிழல்கள் இருந்தன. எதைக் காட்டினாலும் குறை சொல்லும் நிழல்களை ‘காலாவதியானவை’ என்று கழித்துக் கழித்து நாலாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மிஞ்சியதெல்லாம் தங்கமான பார்வையாளர்கள்.

இந்தத் தடவை ஒன்றைத் தவிர.

“இசக்கி, ஒரு நிமிஷம் வர முடியுமா?” என்றான் சுதர்சன். அவள் பிரிவின் தலைவன். மரியாதை தெரிந்தவன். ஆளை வேலையிலிருந்து தூக்கும்போதும் ‘முடியுமா’ போட்டுத்தான் கேட்பான். “ஃபர்ஸ்ட் எபிசோட் பாத்தீங்கல்ல? யாழினி மேல் தளத்துக்கு வர்ற சீன்.”

“பாத்தேன் சார்.”

பார்க்காமல் என்ன? பழைய ‘ஏழாம் வளையம்’ ஐந்து சீசன் ஓடியது. சனிக் கிரகத்தைச் சுற்றிவரும், தானும் சக்கரம்போல் சுழலும் வளைய நிலையம், அதில் மேல் தளத்துக் கேப்டன்கள், அவர்களுடைய காதல், துரோகம், நீண்ட முடி. அடித்தளத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்பவர்கள் ஐந்து சீசனிலும் சேர்த்து நாலு நிமிடம் வந்திருப்பார்கள், அதுவும் செத்துப்போக. இப்போது அவர்களைப் பற்றியே ஒரு கிளைத்தொடர். சமூக அக்கறை. முதல் அத்தியாயத்தின் உச்சக்காட்சியில் அடித்தளத்துப் பெண் யாழினி முதன்முறையாக மேல் தளத்துக்கு வருகிறாள். வாசலில் நிற்கிறாள். காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடக்கிறாள். இரண்டு பக்கமும் மேல் தளத்தார் நிற்கிறார்கள். கேப்டனின் கண் கலங்குகிறது. வயலின்.

அந்தக் காட்சியில் இசக்கிக்கு அடிவயிற்றில் என்னவோ பிசைந்தது. ‘உணர்வுபூர்வம்: உயர்வு’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். நாலு வருட ஒப்பந்த வேலை அடுத்த மாதம் நிரந்தரமாகப் போகிறது. பிசையும் வயிற்றுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

“ஒரே ஒரு நிழல் மட்டும் ஒத்துக்கல,” என்றான் சுதர்சன். “நம்பர் 3118. மத்த எல்லாருமே பாசிட்டிவ். இது ஒண்ணு போயிடுச்சுன்னா ‘நூற்றுக்கு நூறு பார்வையாளர்கள் பாராட்டிய முதல் அத்தியாயம்’னு போஸ்டர் போடலாம். டைரக்டர் ரொம்ப ஆசைப்படறார்.”

“எப்பவும் போல கழிச்சிரலாமே சார்.”

“இப்ப சட்டம் வந்துடுச்சே. மூலவர் கையெழுத்து இல்லாம நிழலை அழிக்கக் கூடாது. அதான் மூலவர் யாருன்னு தேடினேன்.” அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். “நீங்கதான் இசக்கி.”

திரையில் அவள் பெயர் இருந்தது. திருநெல்வேலி, அரசு மாணவியர் நல விடுதி. ஆறு வருடத்துக்கு முந்தைய பார்வையாளர் கணக்கு. கீழே 3118 சொன்னது இருந்தது.

‘எங்க தாத்தா கழட்டினாரு. எங்க அப்பா கழட்டினாரு. மேலத்தெரு வழியா செருப்பு போட்டு நடக்கணும்னுதான் நாங்க பஸ் ஏறி காலேஜுக்கு வந்தோம். செருப்பைக் கழட்டத்தான் சனிக் கிரகம் வரைக்கும் போகணுமா? அதுக்கு எதுக்குல ராக்கெட்டு? இதுல அந்த வளையம் சுத்துற ஆமை வேகத்துக்கு அவ நடக்கவே முடியாது, மெதந்துட்டுக் கிடப்பா. ஆனா அந்த வயலினு நல்லாருக்கு. யாழினி சட்டை எங்க கிடைக்கும்? போங்கல நீங்களும் உங்க அக்கறையும்.’

“கொஞ்சம் அன்ஸ்டேபிள்,” என்றான் சுதர்சன் மென்மையாக. “கோபம், ஃபிசிக்ஸ், டிரெஸ் எல்லாம் கலந்து வருது. நீங்க இப்ப அந்த ஆள் இல்லன்னு ஒரு சைன் போட்டா போதும். எல்லாருமே வளர்றோம் இல்லையா?”

இசக்கி திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்தியில் அவள் தன்னைத் தேடினாள். எங்கேயும் இல்லை. சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டது விடுதித் தோழி முத்துச்செல்வி. வயலின் ஜெபமணி, சர்ச்சில் வாசிப்பவள். வளையம் சுற்றும் வேகமும் செருப்பும் தங்கபுஷ்பம். தங்கபுஷ்பத்தைத் தவிர யாருக்கு அந்த வாய் உண்டு?

விடுதியின் பதினாலாம் நம்பர் அறையில் படம் ஓடும் போன் ஒன்றுதான் இருந்தது, அது இசக்கியுடையது. தொடர் பார்க்கும் கூட்டணி இசக்கியோடு சேர்த்து நாலு பேர். பார்த்து முடித்ததும் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள், இசக்கி தட்டுவாள். அதில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: தட்டுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தனக்குப் பிடித்ததை மட்டும் தட்டுவாள் என்று தங்கபுஷ்பம் போட்ட சட்டம். அப்படி மூன்று வருடம், ஆயிரத்துச் சொச்சம் கருத்துகள். ஒரு கணக்கு என்றால் ஒரு மண்டை என்று எழுதி வைத்த மேதைகள், நாலு பேருக்கு ஒரு போன் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை.

“சார், இது நான் இல்ல,” என்றாள்.

“அதான் நானும் சொல்றேன்.”

“அதில்ல. இது மூணு பேரு வாய். நான் வெறும் கைதான்.”

விஷயத்தைக் கேட்டதும் சுதர்சனின் முகம் பிரகாசமானது. “அப்ப இன்னும் ஈஸி! ஒரு கணக்கு ஒரு ஆள்ங்கறதுதான் விதி. பல பேர்னா நிழலே செல்லாது. சைன்கூட வேண்டாம், நானே அழிச்சிடுவேன்.”

உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது இசக்கிக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு வேகமாக வாங்கியது இதுதான் முதல் தடவை.

“இருங்க சார்,” என்றாள். “நான் சும்மா சொன்னேன். அது நான்தான்.”

“இசக்கி...”

“நான்தான் சார். எனக்கு அப்பப்ப புத்தி மாறும். ஒரு நேரம் ஃபிசிக்ஸ், ஒரு நேரம் சட்டை. கையெழுத்துப் போட மாட்டேன்.”

சுதர்சன் பெருமூச்சு விட்டான். அதிலும் ஒரு மரியாதை இருந்தது. “அப்ப ஒரே ஆள்தான்னு நிரூபிக்க உயிர்ச் சோதனை எடுக்கணும். அதே அத்தியாயத்தைப் பாத்துட்டு நீங்க கருத்து எழுதுவீங்க. நிழல் சொன்னதோட நூத்துக்கு எண்பது ஒத்துப்போனா நிழல் செல்லும். இல்லன்னா அழிஞ்சிடும். ரெண்டு வாய்ப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள.” பிறகு அக்கறையோடு சேர்த்தான்: “அடுத்த மாசம் உங்க கன்ஃபர்மேஷன் வேற இருக்கு. யோசிங்க.”

முதல் வாய்ப்பை அவள் அன்றைக்கே எடுத்தாள். காட்சியைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘இக்காட்சி ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் வரலாற்று வலியைப் போதிய புரிதலின்றிக் கையாள்கிறது. மறுபரிசீலனை செய்யலாம்.’

பதினொரு சதவீதம்.

கீழே நிரல் ஒரு குறிப்பும் போட்டிருந்தது: ‘மூலவரின் நடையில் அலுவலக வாடை.’ பிசைகிற வயிற்றை ‘மறுபரிசீலனை’ என்று எழுத அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வருட சம்பளத்தில் தானாகவே வந்துவிட்டது.

மறுநாள் காலை தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டாள். கோவில்பட்டியில் வாக்கப்பட்டு மூன்று வருடம். பேசி ஒன்றரை வருடம். பி.எஸ்ஸி. இயற்பியலில் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாம் இடம் வாங்கியவள்.

“ஏட்டி, நான் இசக்கி.”

“சொல்லு.” அந்தக் குரல் கிணற்றுக்கு உள்ளிருந்து வந்தது.

நிழல் என்றால் என்ன என்று இசக்கி விளக்கினாள். “நாம அன்னைக்குப் பேசுனதை எல்லாம் முழுங்கிட்டு, நம்ம மாதிரியே பேசுது.”

“கிளி மாதிரியா?”

“கிளி நாம சொன்னதை மட்டுந்தான் சொல்லும். இது நாம சொல்லாததையும், சொல்லியிருப்போம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுது.” செருப்பு வாசகத்தைப் படித்துக் காட்டினாள். “இது நீதான? உன் வாய்தான?”

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“நல்லாத்தான் கேட்டுருக்கு,” என்றாள் தங்கபுஷ்பம், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதைப் போல.

“அதை அழிக்கப் போறாங்க. அழிக்காம இருக்கணும்னா நீ அந்த சீனைப் பாத்துட்டு இப்ப என்ன தோணுதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“எனக்கென்ன தோணப் போவுது. எனக்குக் கருத்தெல்லாம் இல்லட்டி. வீட்டுல அவுகளத்தான் கேக்கணும்.”

“கருத்துக்குமா புருசங்கிட்ட கேக்கணும்?”

“அத்தை வாராக. வைக்கேன்.”

இசக்கி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிறவளுக்குக் கருத்து இல்லை. பெருங்குடியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் கிடப்பதற்கு இருக்கிறது. அழிக்கப் போவது எதை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கபுஷ்பத்தின் வாய் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தையல்லவா, ஒரு போஸ்டருக்காகத் துடைக்கப் போகிறார்கள்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் ஏழாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மடியில் சோதனைத் திரை. எதிரே போனைச் சுவரில் சாய்த்து, மூன்று தோழிகளுக்கும் வீடியோ அழைப்பு போட்டிருந்தாள். வெளிவராத அத்தியாயத்தை வெளியாளுக்குக் காட்டினால் வேலை போகும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். திருப்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஜெபமணி முதலில் வந்தாள். ஆலங்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துச்செல்வி அடுத்து. மூன்றாவதாக ஒரு கறுப்புக் கட்டம் வந்து நின்றது. முகம் இல்லை, சத்தம் இல்லை. பெயர் மட்டும் தங்கபுஷ்பம்.

“ஏ பிள்ள, கேமராவைப் போடு, உன் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு!” என்றாள் முத்துச்செல்வி.

கறுப்புக் கட்டம் அசையவில்லை.

இசக்கி காட்சியை ஓட விட்டாள். யாழினி வாசலில் நின்றாள். கழற்றினாள். நடந்தாள்.

“நாசமாப் போவ! என்னட்டி இது?” ஜெபமணி. “அவ எதுக்குக் கழட்டுதா? அங்க என்ன கோயிலா இருக்கு?”

“வயலினைக் கேட்டியா?” என்றாள் முத்துச்செல்வி.

“அதை ஏன் கேக்க, வயலின் மட்டும் சுத்தம். வாசிச்சவன் பாவம், அவன்ட்ட சீனைக் காட்டியிருக்க மாட்டானுவ.”

“அந்தச் சட்டையப் பாரேன். சாக்கடைல வேலை பாக்குறவளுக்கு இஸ்திரி மடிப்பு! அது எங்கட்டி கிடைக்கும்? எங்க சாக்கடைல போட்டுட்டு எறங்குவேன்.”

இசக்கி வாயைத் திறக்காமல் தட்டினாள். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. திரையின் ஓரத்தில் எண் ஏறியது. இருபது. முப்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டில் போய் நின்றுவிட்டது. ஜெபமணியும் முத்துச்செல்வியும் சளைக்காமல் திட்டினார்கள். எண் நகரவில்லை. செருப்பு வரவில்லை. வேண்டுமானால் செருப்பு வாசகத்தை அவளே தட்டலாம், மனப்பாடம்தான். நிழல் சொன்னதை அப்படியே காப்பியடித்தால் நிரல் கண்டுபிடித்துவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் அவள் அதைத் தட்டாததற்குக் காரணம் அது மட்டுமில்லை: தட்டுகிறவளுக்கு வாய் கிடையாது.

“தங்கம்,” என்றாள் ஜெபமணி, வார்டில் பேசுகிற குரலில். “இருக்கியாம்மா?”

கறுப்புக் கட்டத்திலிருந்து திடீரென்று ‘டுர்ர்ர்’ என்று ஒரு சத்தம். மூன்று பேரும் பதறினார்கள். மிக்சி.

மிக்சி நின்றது. “கேக்குதா?” என்றது தங்கபுஷ்பத்தின் குரல், அவசரமாக, தாழ்ந்து. “அத்தை முன்னறைல இருக்காக. சட்னி அரைக்கேன்.”

“பேசுட்டி!”

‘டுர்ர்ர்.’ அந்த இரைச்சலுக்கு உள்ளே அவள் பேசினாள், கத்தினாள். “எங்கய்யா மேலத்தெருவுல கழட்டுனப்போ எனக்கு அஞ்சு வயசு! ‘ஏன்யா கழட்டுத’ன்னு கேட்டேன். ‘கால் வலிக்கு’ன்னாரு!” மிக்சி நின்றது. கிசுகிசுப்பு: “பொய். கால் வலிச்சா எவனாவது கழட்டுவானா?” மறுபடியும் இரைச்சல். “கால் வலின்னு பொய் சொல்லவாவது எங்கய்யாவுக்கு வெக்கம் இருந்துச்சு! இவனுவ அதுக்கு மியூசிக் போடுதானுவ! வளையம் அவ்வளவு மெதுவாச் சுத்தினா அவ நடக்கவே முடியாது, ஒன்பதாங்கிளாஸ் கணக்கு! கணக்கும் தெரியல, கழட்டுனா எப்படி இருக்கும்னும் தெரியல! இதுக்கு எதுக்குல உங்களுக்கு ராக்கெட்டு?”

“சட்னி இன்னுமா அரைக்க?” என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது. கறுப்புக் கட்டம் மறைந்தது.

எண்பத்தேழு.

முத்துச்செல்வி மூக்கை உறிஞ்சினாள். ஜெபமணி, “அந்தச் சட்னி இன்னைக்குத் தண்ணியாத்தான் இருக்கும்,” என்றாள். இசக்கி சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘மூலவர் உறுதி செய்யப்பட்டார். ஒரே நபர்.’

நிழலை இனி யாரும் அழிக்க முடியாது. தேங்காய் உடைத்துக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் இது கம்பெனி.

திங்கட்கிழமை சுதர்சன் அவள் மேசைக்கே வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இசக்கி, யூ ஆர் எ ஜீனியஸ். டைரக்டர் குதிக்கறார். நூத்துக்கு நூறெல்லாம் யாரும் நம்ப மாட்டாங்களாம். இதைப் பாருங்க.”

போஸ்டர். யாழினியின் வெறுங்கால்கள், கையில் காலணி. மேலே பெரிய எழுத்தில்: ‘செருப்பைக் கழட்டத்தான் சனிக் கிரகம் வரைக்கும் போகணுமா?’ கீழே: ‘3999 பேர் உருகினார்கள். ஒருத்தி கொதித்தாள். நீங்கள் எந்தப் பக்கம்?’

“அப்ப அந்த சீன்?”

“சீன்தானே மேட்டர்! அதை எடுத்துட்டா எதுக்குக் கொதிக்கறது?” அவன் குரலைத் தாழ்த்தினான். “உங்க கன்ஃபர்மேஷனும் ஓகே ஆயிடுச்சு. இந்த மாதிரி கோபக்கார நிழல் இன்னும் பத்து கிடைக்குமான்னு கேக்கறாங்க. உங்க ஹாஸ்டல் பக்கம்...”

“கிடைக்காது சார்,” என்றாள் இசக்கி.

“ஏன்?”

“நீங்க அதுக்கும் வயலின் போட்ருவீங்க.”

அவன் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்துவிட்டான். அவளை நல்ல டீம் பிளேயர் என்று அன்றைக்கே மேலே எழுதியும் அனுப்பினான்.

போஸ்டரை ஊரெல்லாம் ஒட்டினார்கள். பஸ்ஸின் பின்னால் ஒட்டினார்கள். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து அந்த ஒருத்தி கொதித்தது சரியா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நாலு பேரில் ஒருவராவது பெண்ணாக இருந்திருக்கலாம். இசக்கி இன்னொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பஸ்ஸுகளின் பின்பக்கத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பத்துக்குப் போன் போட அவளுக்கு முகம் இல்லை.

தொடர் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அழைத்தது தங்கபுஷ்பம்.

“நான் மொட்டை மாடில நிக்கேன்,” என்றாள். “துணி எடுக்க வந்தேன். ஏட்டி, இன்னைக்கு எங்க வீட்டுல அந்த மொத எபிசோடு போட்டாக.”

“மன்னிச்சிருட்டி, நான் வேணும்னு...”

“சொல்லுததைக் கேளு. இவுக சோபால உக்காந்து பாத்தாக. அவ செருப்பைக் கழட்டுனதும் கண்ணு கலங்கிட்டு. அப்புறம் போன்ல அந்தப் போஸ்டரை எடுத்து எங்கிட்ட நீட்டி, ‘எவளோ ஒருத்தி நாக்கைப் புடுங்குற மாதிரி கேட்டுருக்கா பாத்தியா, படிச்சவ படிச்சவதான்’னு சொல்லுதாக.”

“நீ என்ன சொன்ன?”

“அது நான்தான்னேன்.”

“நம்புனாரா?”

“சிரிச்சாக. ‘ஆமா, நீ கிழிச்ச’ன்னு நல்லா வாய்விட்டுச் சிரிச்சாக. சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னேன்.” மாடியில் காற்று அடிக்கும் ஓசை கேட்டது. “அப்புறம் சொன்னேன். ‘அதைப் பாத்துக் கண்ணு கலங்குற ஆம்பள வீட்டுல, ஒருத்தி வாயைக் கழட்டி வாசல்ல வச்சிட்டுத்தான் உள்ள வந்திருப்பா’ன்னு.”

“தங்கம்!”

“டிவியை நிப்பாட்டிட்டாக.”

“ஐயோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன. என்னையவே பாத்துட்டு இருந்தாக. அத்தையும் பாத்தாக. நான் ரிமோட்டை வாங்கி மறுபடியும் ஓட விட்டேன்.”